செல்வமகள், பிபிஎஃப் கணக்கை வங்கிக்கு மாற்றப் போனால் ‘மூடிட்டுப் புதுசா ஆரம்பிங்க’ என்கிறார்கள். என்ன செய்வது?

பொன்னி | 20 ஜூன் 2024

எல்லாருக்கும் வணக்கம். நாலு நாளாகத் தூக்கம் சரியில்லை, அதனால் இங்கே கேட்கிறேன்.

எங்கள் ஊர் தஞ்சாவூர் மாவட்டம். 2012 ஜூனில் என் பெயரில் தலைமை அஞ்சலகத்தில் பிபிஎஃப் (பொது வருங்கால வைப்பு நிதி) தொடங்கினேன், மாதம் 5,000 ரூபாய். மகளுக்கு 2016 பிப்ரவரியில், அவளுக்கு இரண்டரை வயது இருக்கும்போது, வீட்டுப் பக்கத்துத் துணை அஞ்சலகத்தில் செல்வமகள் சேமிப்புக் கணக்கு, மாதம் 1,000. பிபிஎஃப்பில் இப்போது 11 லட்சத்துச் சொச்சம் இருக்கிறது.

நாங்கள் கோவைக்கு வந்து ஆறு வருடம். இத்தனை நாளும் அப்பாதான் மாதம் பிறந்ததும் போய்க் கட்டிவிட்டு பாஸ்புக்கைப் போட்டோ எடுத்து அனுப்புவார். ஒவ்வொரு வரவுக்குப் பக்கத்திலும் பென்சிலால் ஒரு டிக் போட்டிருப்பார். ஜனவரியில் அப்பா தவறிவிட்டார். இப்போது சித்தப்பா பையன் கட்டுகிறான். அவனும் வெளிநாடு போகப் போகிறான். ஊரில் இனி யாரும் இல்லை.

அதனால் இரண்டையும் இங்கே வீட்டுக்கு எதிரில் இருக்கும் அரசுடைமை வங்கிக் கிளைக்கு மாற்றலாம் என்று போனேன். கவுண்டரில் இருந்தவர், “தபால் ஆபீஸ் கணக்கை எல்லாம் இங்க கொண்டுவர முடியாது மேடம். அங்க க்ளோஸ் பண்ணிட்டு செக் வாங்கிட்டு வாங்க, இங்க புதுசா ஓப்பன் பண்ணிக்கலாம்” என்றார். ஊர் அஞ்சலகத்துக்குப் போன் செய்தால், “இன்னொரு தபால் ஆபீஸுக்கு வேணா மாத்தித் தர்றோம், பேங்குக்கு மாட்டோம்” என்கிறார்கள். இரண்டு பேரும் கொஞ்சமும் தயங்காமல் சொல்கிறார்கள். யார் சொல்வது சரி?

மலைக்கோட்டை | 20 ஜூன் 2024

சகோதரி, முதல் வேண்டுகோள்: எதையும் மூடாதீர்கள். எந்தத் தாளிலும் ‘க்ளோஷர்’ என்று இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள்.

இரண்டு பேர் சொன்னதும் தவறு. பிபிஎஃப், செல்வமகள் இரண்டுமே மத்திய அரசின் திட்டங்கள். அஞ்சலகமும் வங்கியும் அரசுக்காக அதை நடத்துகின்றன, அவ்வளவுதான். அஞ்சலகத்திலிருந்து வங்கிக்கும், வங்கியிலிருந்து அஞ்சலகத்துக்கும், ஒரு வங்கியிலிருந்து இன்னொரு வங்கிக்கும் மாற்றலாம். மாற்றினால் அது தொடர்ச்சியான கணக்கு, தொடங்கிய தேதி மாறாது.

மூடினால் என்ன ஆகும் தெரியுமா? உங்கள் பிபிஎஃப் 2012-13 நிதியாண்டில் தொடங்கியது. அந்த நிதியாண்டு முடிந்ததிலிருந்து 15 வருடம். அதாவது 2028 ஏப்ரல் 1 அன்று முதிர்வு. இன்றைக்குப் புதிதாகத் தொடங்கினால் முதிர்வு 2040 ஏப்ரல் 1. பன்னிரண்டு வருடம் போய்விடும்! அதுவும் தவிர, நடுவில் மூடுவதற்கே உயிருக்கு ஆபத்தான நோய், மேல்படிப்பு, வெளிநாட்டுக் குடியிருப்பு என்று குறிப்பிட்ட காரணம் வேண்டும், வட்டியில் 1 சதவீதம் பிடிப்பார்கள்.

செல்வமகள் விஷயம் இன்னும் மோசம். 10 வயதுக்குள் இருக்கும் பெண் குழந்தைக்குத்தான் கணக்குத் தொடங்க முடியும். உங்கள் மகளுக்கு இப்போது பத்தரை தாண்டியிருக்குமே? அந்தக் கணக்கை மூடினால் திரும்பத் தொடங்கவே முடியாது.

பொன்னி | 20 ஜூன் 2024

ஆகஸ்டில் 11 முடிகிறது அண்ணா. படித்ததும் கை நடுங்கிவிட்டது. நாளை மறுநாள் ஊருக்குப் போய் மூடிவிட்டு வரலாம் என்று டிக்கெட் போட்டிருந்தேன்.

தபால் தாத்தா | 21 ஜூன் 2024

அம்மா பொன்னி, நான் 36 வருடம் அஞ்சல் துறையில் இருந்தவன். அதில் பாதி சேமிப்பு வங்கிக் கவுண்டர். டிக்கெட்டை ரத்து செய்ய வேண்டாம். போங்கள், ஆனால் மூடுவதற்கு அல்ல, மாற்றுவதற்கு.

அங்கே எஸ்பி-10(பி) என்று ஒரு படிவம். கணக்கு மாற்றத்துக்கு அதுதான். அதில் போய்ச்சேர வேண்டிய வங்கியின் பெயர், கிளை, முழு முகவரி எழுதுங்கள். பாஸ்புக்கை அவர்களிடம் கொடுக்க வேண்டியிருக்கும். மாற்றக் கட்டணம் ஒரு கணக்குக்கு 100 ரூபாய், அரசு சேமிப்புத் திட்டங்களுக்கான 2018 பொது விதிகளில் உள்ளது. பாஸ்புக்கைக் கையிலிருந்து விடுவதற்கு முன் அட்டை முதல் கடைசி வரவு வரை ஒவ்வொரு பக்கமும் நகல் எடுத்துக்கொள்ளுங்கள். கவுண்டரில் ஒப்புகை கேளுங்கள். வெறும் கையெழுத்துப் போதாது, தேதி முத்திரை விழ வேண்டும். முத்திரை இல்லாத தாளை வைத்துக்கொண்டு பின்னால் யாரிடமும் பேச முடியாது.

அதன் பிறகு உள்ளே நடப்பதைச் சொல்கிறேன். இது தெரிந்தால்தான் எங்கே நிற்கிறது என்று உங்களால் கேட்க முடியும். அஞ்சலகம் கணக்கின் சான்றொப்பமிட்ட நகலைத் தயார் செய்யும். அதில் எந்த வருடம் எவ்வளவு கட்டினீர்கள், எவ்வளவு வட்டி என்பதெல்லாம் இருக்கும். அதோடு நீங்கள் முதன்முதலில் எழுதிக்கொடுத்த விண்ணப்பம், மாதிரிக் கையெழுத்து, நாமினேஷன் தாள், மீதித் தொகைக்கு ஒரு செக். இத்தனையும் ஒரே கட்டாக வங்கிக்கு நேரடியாகப் போக வேண்டும். துணை அஞ்சலகத்தில் கொடுத்தாலும் பெரும்பாலும் தலைமை அஞ்சலகம் வழியாகத்தான் இந்த வேலை நடக்கும். ஆகவே செல்வமகள் கட்டு கொஞ்சம் பிந்தி வரும், பயப்படாதீர்கள்.

முக்கியமானது செக். அது உங்கள் பெயருக்கு எழுதப்படக் கூடாது. வங்கிக் கிளையின் பெயரில், உங்கள் பெயரும் கணக்கு எண்ணும் குறிப்பிட்டு இருக்க வேண்டும். உங்கள் பெயருக்கு செக் வந்துவிட்டால் அது கணக்கை முடித்துப் பணம் வாங்கியதாக ஆகிவிடும்.

கவுண்டரில் இருக்கும் பிள்ளைகளை நான் முழுக்கக் குற்றம் சொல்ல மாட்டேன். ஒரே ஆள் சேமிப்புக் கணக்கு, ஆர்டி, டைம் டெபாசிட், மாத வருமானம், முதியோர் திட்டம், கிசான் விகாஸ் பத்திரம், என்எஸ்சி, பிபிஎஃப், செல்வமகள் எல்லாம் பார்க்கிறான். போன வருடம் மகிளா சம்மான் வந்து சேர்ந்தது. வங்கிக்கு மாற்றும் வேலை அவன் கைக்கு எப்போதோ ஒரு தடவை வரும். பார்த்திராத வேலையை ‘முடியாது’ என்று சொல்வது மனித சுபாவம். ஆனால் ‘தெரியவில்லை, கேட்டுச் சொல்கிறேன்’ என்று சொல்லியிருக்கலாம். எங்கள் காலத்தில் மேல்நிலை எழுத்தர் ஒருவர் விதிப்புத்தகத்தை மேசையிலேயே வைத்திருப்பார். சந்தேகம் வந்தால் எழுந்துபோய் அவரிடம் கேட்போம்.

சூலூர் அப்பா | 21 ஜூன் 2024

நான் வேறு மாதிரி சொல்கிறேன், தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். எதற்கு மாற்றணும்? போஸ்ட் பேமெண்ட்ஸ் வங்கியில் ஒரு கணக்குத் தொடங்கினால் அதன் ஆப் மூலம் வீட்டில் உட்கார்ந்தே பிபிஎஃப்புக்கும் செல்வமகளுக்கும் பணம் போடலாம். நான் மூன்று வருடமாக அப்படித்தான் இரண்டு பெண்களுக்கும் கட்டுகிறேன். வட்டி எங்கே இருந்தாலும் ஒன்றுதான், பிபிஎஃப் 7.1, செல்வமகள் 8.2 சதவீதம். மாற்றப் போய் நடுவில் காகிதம் தொலைந்தால் யார் அலைவது?

பொன்னி | 21 ஜூன் 2024

நீங்கள் சொல்வதும் நியாயம்தான். ஆனால் பணம் கட்டுவது மட்டும் பிரச்சினை இல்லை. இன்னும் நாலு வருடத்தில் பிபிஎஃப் முதிரும், அப்போது நேரில் நிற்க வேண்டும். மகள் பத்தாவது முடித்து அல்லது 18 வயதாகிப் படிப்புக்குப் பாதிப் பணம் எடுக்க வேண்டுமென்றாலும் அங்கேதான் ஓட வேண்டும். அப்பா இறந்த பிறகு அவர் கணக்குகளை முடிக்க நான் ஐந்து தடவை பஸ் ஏறினேன். எனக்கு ஏதாவது ஆனால் என் மகள் அப்படி ஊர் ஊராக அலையக் கூடாது.

கேஷ் கவுண்டர் | 22 ஜூன் 2024

அக்கா, நான் வங்கியில் 11 வருடமாக இருக்கிறேன். உங்கள் வங்கி எது என்று கேட்க மாட்டேன், நம் எல்லா வங்கியிலும் இதுதான் நிலை.

ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருடம் நானே ஒரு பெரியவரிடம் இதே பதிலைச் சொல்லியிருக்கிறேன். “அங்க முடிச்சிட்டு வாங்கய்யா.” சித்திரை வெயிலில் அவர் பஸ் பிடித்து அவர் ஊர் அஞ்சலகத்துக்குப் போனார். அங்கே ‘15 வருடம் முடியல, மூட முடியாது’ என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். திரும்ப என்னிடம் வந்தார். நான் அப்போதுதான் சீனியரிடம் கேட்டேன். அவர் சர்குலரை எடுத்துக் காட்டினார். அந்தப் பெரியவர் என்னைத் திட்டவே இல்லை, ஒரு டம்ளர் தண்ணீர் மட்டும் கேட்டார். அந்த முகம் இன்னும் மறக்கவில்லை. அதற்குப் பிறகு தெரியாத கேள்விக்கு நான் கவுண்டரில் பதில் சொல்வதே இல்லை.

எங்கள் பக்கம் என்ன நடக்கிறதென்றால், பிபிஎஃப் புதிதாகத் தொடங்குவது மாதா மாதம் வருகிறது. வேறு இடத்திலிருந்து மாற்றி வரும் கணக்கு வருடத்துக்கு ஒன்று இரண்டுதான். அதற்குக் கணினியில் தனி வழி இருக்கிறது. பழைய தொடக்கத் தேதி, வருட வாரியாகக் கட்டியது எல்லாம் ஏற்ற வேண்டும். அந்த வழி தெரியாதவர்கள் புதுக் கணக்குப் பக்கத்தைத் திறந்து உட்கார்ந்துவிடுவார்கள்.

அதனால் வாயால் “மாற்ற முடியுமா?” என்று கேட்காதீர்கள். கிளை மேலாளர் பெயருக்கு ஒரு கடிதம் எழுதி நகலில் முத்திரை வாங்குங்கள்: “இன்ன அஞ்சலகத்தில் இன்ன எண்ணில் உள்ள என் பிபிஎஃப் கணக்கை, 2019 திட்ட விதிகளின்படி தொடர்ச்சியான கணக்காக உங்கள் கிளைக்கு மாற்ற விரும்புகிறேன். செக் எந்தப் பெயரில் வர வேண்டும், கட்டு எந்த முகவரிக்கு வர வேண்டும் என்று தெரிவிக்கவும்.” கடிதம் வந்துவிட்டால் மேலாளர் யாரிடமாவது கேட்டே ஆக வேண்டும். முதலில் அந்தக் கிளை பிபிஎஃப், செல்வமகள் இரண்டையும் கையாளுகிறதா என்றும் உறுதி செய்துகொள்ளுங்கள். எல்லாக் கிளையிலும் ஒரே மாதிரி இல்லை.

கட்டு நடுவழியில் இருக்கும்போது பணம் போட முடியாது. அதனால் இந்த வருடக் குறைந்தபட்சம், பிபிஎஃப்புக்கு 500, செல்வமகளுக்கு 250, முன்பே கட்டியிருக்க வேண்டும். நீங்கள் ஏப்ரலிலேயே கட்டியிருப்பீர்கள், பிரச்சினை இல்லை. பிப்ரவரி, மார்ச்சில் மட்டும் யாரும் மாற்றத்துக்குக் கொடுக்காதீர்கள்.

விழுப்புரம் கனி | 24 ஜூன் 2024

இதே இழையில் கேட்கலாமா? என்னுடையது சாதாரண சேமிப்புக் கணக்கு. சென்னைக் கிளையிலிருந்து அதே வங்கியின் விழுப்புரம் கிளைக்கு மாற்றணும். இங்கே “விழுப்புரம் முகவரிக்கு ஆதார் மாத்திட்டு வாங்க, இல்லன்னா புதுக் கணக்கு ஓப்பன் பண்ணுங்க” என்கிறார்கள். ஆதாரில் இன்னும் சென்னை வாடகை வீட்டு முகவரி.

மலைக்கோட்டை | 24 ஜூன் 2024

கனி, ரிசர்வ் வங்கியின் கேஒய்சி (வாடிக்கையாளரின் அடையாளம், முகவரி சரிபார்ப்பு) வழிகாட்டுதல் தெளிவாகவே சொல்கிறது: ஒரு கிளையில் முழு கேஒய்சி முடிந்து, புதுப்பிக்கும் காலம் வராமல் இருந்தால், அதே வங்கியின் எந்தக் கிளைக்கு மாற்றவும் அது செல்லும். சாதாரண வாடிக்கையாளருக்குப் புதுப்பிக்கும் காலம் 10 வருடத்துக்கு ஒரு முறை. முகவரி மட்டும் மாறியிருந்தால் நீங்களே எழுதிக்கொடுக்கும் உறுதிமொழி போதும். வங்கி இரண்டு மாதத்துக்குள் அந்த முகவரியைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். அது அவர்கள் வேலை.

மாற்றக் கோரிக்கை வந்தவுடன் செய்ய வேண்டும், விண்ணப்பம், மாதிரிக் கையெழுத்து, நிலை உத்தரவு (தானாகப் பணம் பிடிக்க எழுதிக்கொடுத்தது) எல்லாம் கூடவே போக வேண்டும் என்று 2015 வாடிக்கையாளர் சேவை சர்குலரிலேயே இருக்கிறது. இப்போது எல்லாம் ஒரே கணினி வலையில் இருப்பதால் பல வங்கிகளில் நெட் பேங்கிங்கிலேயே கிளை மாற்றம் கேட்கலாம். கணக்கு எண் பெரும்பாலும் மாறாது, ஆனால் கிளையின் குறியீடான ஐஎஃப்எஸ்சி மாறும். அதை அலுவலகத்திலும் பிஎஃப் போர்ட்டலிலும் உடனே திருத்துங்கள். நான் திருத்தாமல் விட்டு, பிஎஃப் பணம் திரும்பிப் போய் இரண்டு மாதம் அலைந்தேன்.

ரியாத் ராசா | 29 ஜூன் 2024

எனக்கும் வேறு விதமான அனுபவம். வெளிநாடு வந்த பிறகு கிளை மாற்றப் போனபோது, “என்ஆர்ஐ ஆயிட்டீங்க, பிபிஎஃப் உடனே மூடணும்” என்றார்கள். பயந்துபோய் மனைவி மூடும் படிவத்தையே வாங்கி வந்துவிட்டாள். உண்மையில், இந்தியாவில் இருந்தபோது தொடங்கிய கணக்கை முதிர்வு வரை தொடரலாம், பணம் போடவும் செய்யலாம். புதிதாகத் தொடங்கவும், முதிர்ந்த பிறகு நீட்டிக்கவும்தான் முடியாது. ஒரு நண்பர் சொல்லித் தப்பித்தேன்.

பொன்னி | 4 ஜூலை 2024

ஊருக்குப் போய் வந்துவிட்டேன். முதலில் கோவைக் கிளையில் கடிதம் கொடுத்தேன். மேலாளர் அறைக்குள் கூப்பிட்டு உட்காரச் சொன்னார், யாருக்கோ போன் செய்தார், பத்து நிமிடத்தில் “செய்யலாம்மா” என்று சொல்லி செக் எந்தப் பெயரில் வர வேண்டும் என்பதைத் தாளில் எழுதிக் கொடுத்தார். அதே கிளை, அதே கணினி. வாயால் கேட்டபோது முடியாதது, எழுதிக் கொடுத்ததும் பத்து நிமிடத்தில் முடிந்தது.

ஊரில் தலைமை அஞ்சலகத்தில் ஒரு இளைஞர். “எஸ்பி-10(பி) குடுங்க” என்றதும் என்னை நிமிர்ந்து பார்த்தார். உள்ளே போய் அரை மணி நேரம் கழித்து ஒரு மேடத்தைக் கூட்டி வந்தார். அந்த மேடம் படிவத்தை வரிக்கு வரி சொல்லிக்கொடுத்தார், அந்த இளைஞருக்கும் சேர்த்து. தாத்தா சொன்ன மாதிரி முத்திரையும் வாங்கினேன். ஜூலைத் தவணையையும் கட்டிவிட்டேன்.

பாஸ்புக்கைக் கொடுக்கும்போதுதான் கஷ்டமாக இருந்தது. அப்பாவின் பென்சில் டிக் எல்லாம் அதில்தான். ஒவ்வொரு பக்கமும் கலரில் நகல் எடுத்தேன். 2018 நவம்பர் வரவுக்குப் பக்கத்தில் ‘புயல், 4 நாள் கழித்து’ என்று எழுதியிருக்கிறார். கஜா புயலில் அஞ்சலகத்தில் கரண்ட் இல்லாமல் போய் அவர் திரும்பத் திரும்ப நடந்திருக்கிறார். அன்றைக்கு என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

தபால் தாத்தா | 4 ஜூலை 2024

படித்ததும் கண் கலங்கிவிட்டது அம்மா. கட்டு கிளம்பியதும் பதிவுத்தபால் எண்ணைக் கேட்டு வாங்குங்கள்.

பொன்னி | 17 ஆகஸ்ட் 2024

புதுப் பிரச்சினை. பிபிஎஃப் கட்டு 9-ஆம் தேதி வங்கிக்கு வந்துவிட்டது. நேற்று கூப்பிட்டு, “மேடம், வருஷத்துக்கு ஒன்றரை லட்சத்துக்கு மேல சிஸ்டம் எடுக்கல. ஒன்றரை லட்சம் மட்டும் போட்டுட்டு, மீதி உங்க சேவிங்ஸ்ல போட்டுடவா?” என்றார்கள். நான் உடனே வேண்டாம் என்றேன். நேரில் போய்ப் பார்த்தால் திரையில் கணக்குத் தொடங்கிய தேதி 16-08-2024 என்று இருக்கிறது! கேட்டால் “அது எங்க பிராஞ்சுக்கு வந்த தேதிதான், ஒண்ணும் ஆகாது” என்கிறார்.

கேஷ் கவுண்டர் | 17 ஆகஸ்ட் 2024

அக்கா, மிகச் சரியாக ‘வேண்டாம்’ சொன்னீர்கள். நான் பயந்தது இதுதான். அவர் புதுக் கணக்காகத் திறந்துவிட்டார். ஒன்றரை லட்சம் என்பது ஒரு நிதியாண்டில் நீங்கள் கட்டும் தொகைக்கான வரம்பு. மாற்றி வந்த மீதிக்கு அந்த வரம்பு கிடையாது. கணினி தடுத்ததே நல்லதாகப் போயிற்று. அது தடுத்ததால்தான் உங்களைக் கூப்பிட்டார், இல்லையென்றால் பாஸ்புக் கைக்கு வந்த பிறகுதான் தெரிந்திருக்கும்.

‘ஒண்ணும் ஆகாது’ என்பதை ஏற்காதீர்கள். அந்தத் தேதியிலிருந்துதான் முதிர்வு, கடன், பகுதிப் பணம் எடுப்பது எல்லாம் கணக்காகும். திங்கட்கிழமை எழுத்தில் கொடுங்கள்: அஞ்சலகத்தின் சான்றொப்பமிட்ட நகலில் தொடக்கத் தேதி 2012 ஜூன் என்று உள்ளது, அதன்படி திருத்தி, மாற்றி வந்த கணக்காகப் பதிவு செய்யவும், 16-08-2024 தேதியில் திறந்த கணக்கை ரத்து செய்யவும். ரத்து செய்வது முக்கியம். ஒருவர் பெயரில் ஒரு பிபிஎஃப்தான் இருக்கலாம். இரண்டு எண் நின்றால் நாளைக்கு அது தனித் தலைவலி.

30 நாளில் பதில் வராவிட்டாலோ வந்த பதில் திருப்தி இல்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மேனுக்கு (குறைதீர்ப்பாளர்) போகலாம். அவர்களின் புகார்த் தளமான சிஎம்எஸ்ஸில் இலவசமாகப் பதியலாம், சந்தேகத்துக்கு 14448 என்ற எண்ணில் கேட்கலாம். ஆனால் அந்த வழி வங்கித் தவறுக்குத்தான். அஞ்சலகம் அதன் கீழ் வராது, அதற்கு அஞ்சல் துறைப் புகார் அல்லது மத்திய அரசின் குறைதீர் தளம்.

சூலூர் அப்பா | 18 ஆகஸ்ட் 2024

இதற்குத்தான் மாற்ற வேண்டாம் என்றேன். படிக்கிற எனக்கே கோபம் வருகிறது. 11 லட்சம் யாருடைய காசு? சம்பளம் வாங்கிக்கொண்டு திட்டத்தின் நாலு பக்கத்தைப் படிக்க முடியாதா?

தபால் தாத்தா | 18 ஆகஸ்ட் 2024

கோபம் நியாயம் தம்பி. ஆனால் அந்தக் கோபத்தைக் கவுண்டர் பிள்ளையோடு நிறுத்திவிட்டால் மேலே இருப்பவர்கள் தப்பித்துவிடுவார்கள். மூன்று வருடத்துக்கு ஒரு தடவை ஆளை மாற்றுகிறார்கள், பயிற்சி என்று ஒரு நாள் உட்கார வைத்து இன்சூரன்ஸ் விற்பது எப்படி என்று சொல்லிக்கொடுக்கிறார்கள். சேமிப்புத் திட்ட விதியைச் சொல்லிக்கொடுக்க நேரம் ஒதுக்குவதில்லை. எழுத்தில் கொடுக்கும் ஒவ்வொரு புகாரும் மேலே போய்ச் சேரும். கவுண்டரில் போடும் சத்தம் கவுண்டரிலேயே முடிந்துபோகும்.

விருதை மைந்தன் | 6 செப்டம்பர் 2024

தாத்தா, என் அப்பா என் மகளுக்கு ஒரு செல்வமகள் கணக்குத் தொடங்கினார். கார்டியன் அவர்தான். இப்போது அஞ்சலகத்தில் “தாத்தா தொடங்கினது செல்லாதாம், மூடணும்” என்கிறார்கள். உண்மையா?

தபால் தாத்தா | 6 செப்டம்பர் 2024

மூடாதீர்கள். ஆகஸ்ட் 21 அன்று நிதி அமைச்சகம் ஓர் உத்தரவு போட்டிருக்கிறது, அக்டோபர் 1 முதல் அமல். சட்டப்படி கார்டியனாக இல்லாத தாத்தா பாட்டி தொடங்கிய கணக்கில் கார்டியன் பொறுப்பை அப்பா, அம்மா அல்லது சட்டப்படியான பாதுகாவலர் பெயருக்கு மாற்ற வேண்டும் என்பதுதான் அதில் இருப்பது. பாஸ்புக், குழந்தையின் பிறப்புச் சான்று, உங்கள் அடையாளச் சான்று எடுத்துக்கொண்டு, தாத்தாவையும் கூட்டிக்கொண்டு போய்ப் பெயர் மாற்றுங்கள். ஒரே குடும்பத்தில் விதியை மீறிக் கூடுதல் கணக்கு இருந்தால்தான் அந்தக் கூடுதலை மூடச் சொல்லியிருக்கிறார்கள். அந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு உங்களிடம் சொல்லியிருப்பார்கள்.

பொன்னி | 12 செப்டம்பர் 2024

திருத்திவிட்டார்கள்! கடிதம் கொடுத்து 23 நாள். புதுப் பாஸ்புக்கின் முதல் பக்கத்தில் தொடக்கத் தேதி 2012 ஜூன், முதிர்வு 01-04-2028. தவறாகத் திறந்த எண் ரத்து என்று எழுத்தில் வாங்கிவிட்டேன். கவுண்டரில் முதலில் ‘முடியாது’ சொன்ன அந்தப் பெண்தான் கடைசியில் உட்கார்ந்து பன்னிரண்டு வருட வரவையும் ஏற்றினார். “இப்பதான் மேடம் கத்துக்கிட்டேன், அடுத்து யார் வந்தாலும் சரியா சொல்லிடுவேன்” என்றார். எனக்கு அவர் மேல் இருந்த வருத்தம் போய்விட்டது.

செல்வமகள் கட்டில் மாதிரிக் கையெழுத்துத் தாள் இல்லை என்று வங்கி திருப்பி அனுப்பியிருக்கிறது. துணை அஞ்சலகத்துக்கு எழுதியிருக்கிறேன்.

பொன்னி | 21 அக்டோபர் 2024

செல்வமகளும் வந்து சேர்ந்தது. தொடக்கத் தேதி 2016 பிப்ரவரி, சரியாக இருக்கிறது. இந்த மாதத்திலிருந்து இரண்டுக்கும் ஒன்றாம் தேதி தானாகப் பிடிக்கும்படி எழுதிக் கொடுத்துவிட்டேன். 5-ஆம் தேதிக்குள் பணம் ஏறினால்தான் அந்த மாத வட்டி என்று அப்பா சொல்லிக்கொண்டே இருப்பார்.

மலைக்கோட்டை | 21 அக்டோபர் 2024

மார்ச் 31 வட்டி வரவையும் பார்த்துவிடுங்கள் சகோதரி. மாற்றி வந்த வருடத்தில் அதிலும் தவறு நடக்கும். வருடத்தின் நடுவில் அலுவலகம் மாறினாலும் முழு வருட வட்டியும் வருடக் கடைசியில் வரவாக வேண்டும் என்பது விதி. அஞ்சலகம் அந்த வருட வட்டியைச் சேர்க்காமல்தான் செக் அனுப்பியிருக்கும்.

பொன்னி | 5 ஏப்ரல் 2025

மலைக்கோட்டை அண்ணா, உங்கள் வாய் முகூர்த்தம். செல்வமகள் வட்டி சரி. பிபிஎஃப்பில் வந்திருப்பது 47 ஆயிரத்துச் சொச்சம்தான். நான் மாத வாரியாகக் கணக்குப் போட்டால் 81 ஆயிரம் வர வேண்டும். செக் இங்கே வந்த பிறகு உள்ள ஏழு மாதத்துக்கு மட்டும் போட்டிருக்கிறார்கள். ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை அந்தப் பணம் எங்கேயும் இல்லாதது மாதிரி!

கேஷ் கவுண்டர் | 5 ஏப்ரல் 2025

அஞ்சலகத்தின் சான்று நகலில் ஏப்ரலிலிருந்து ஜூலை வரை உள்ள மீதியைச் சுட்டிக்காட்டி மறுபடி ஒரு கடிதம் அக்கா. உங்கள் மாதக் கணக்கையும் கூடவே இணையுங்கள். எண்ணைப் பார்த்தால் சீக்கிரம் செய்வார்கள்.

பொன்னி | 25 ஏப்ரல் 2025

நேற்று வரவு வைத்துவிட்டார்கள், வித்தியாசம் 33 ஆயிரத்துக்கு மேல். கிளையிலேயே பாஸ்புக்கைப் பதிந்து வாங்கினேன். வீட்டுக்கு வந்ததும் மகள் என் கையிலிருந்து பாஸ்புக்கை வாங்கி, பென்சில் பெட்டியைத் திறந்து, அந்த வரிக்குப் பக்கத்தில் ஒரு டிக் போட்டாள்.